டக் என்று ஒரு சத்தம், அதோடு சரி: பழைய காரில் சாவி சுவிட்சா, செல்ஃப் மோட்டாரா?

உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். 1998 மாடல் மாருதி 800, கார்புரேட்டர் வண்டி. காலையில் முதல் திருப்பிலேயே செல்ஃப் எடுக்கிறது. வெயிலில் முக்கால் மணி நேரம் ஓட்டிவிட்டு, பெட்ரோல் பங்கிலோ டீக்கடையிலோ நிறுத்தி மறுபடி சாவியைத் திருப்பினால் டக் என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. சில நேரம் அதுவும் இல்லை. டேஷ்போர்டு விளக்குகள் எரிகின்றன. 20 நிமிடம் ஆறவிட்டாலோ, சாவியை ஆட்டி ஆட்டித் திருப்பினாலோ எடுத்துவிடுகிறது. முதல் மெக்கானிக் பேட்டரியை மாற்றினார், சரியாகவில்லை. இரண்டாமவர் செல்ஃப் மோட்டாரை மாற்றச் சொல்கிறார். மூன்றாமவர் இக்னிஷன் சுவிட்ச் என்கிறார். நீங்கள் கேட்டிருப்பது, சுவிட்சை வீட்டிலேயே எப்படி மாற்றுவது என்று. ஆனால் அதற்கு முன்னால் உங்களுக்குத் தெரிய வேண்டியது, மூவரில் யார் சொல்வது சரி, அதை இன்னொரு பாகத்துக்குக் காசு கொடுக்காமல் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதுதான். அதற்கே பதில் எழுதுகிறேன். மாற்றுவது பிறகு சின்ன வேலை.

நான் நாமக்கல்லில் 27 வருடமாக வண்டி வயரிங் வேலை பார்க்கிறேன். லாரிதான் அதிகம் வரும். பழைய கார்களும் ஜீப்புகளும் வாரத்துக்கு ஒன்றிரண்டு வந்துவிடும். வண்டியைத் தொட்டுப் பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. ஆகவே எது நிச்சயம், எது என் ஊகம் என்பதைப் பிரித்தே சொல்லிக்கொண்டு போகிறேன்.

நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்கள். "இரண்டு தடவை என்ஜின் பிடித்தது, சாவியை விட்டதும் அணைந்துவிட்டது" என்று. மொத்தக் கேள்வியிலும் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த வரிதான். சாவி சுவிட்சில் லாக், ஏ.சி.சி. (ரேடியோ போன்றவை மட்டும் வேலை செய்யும் நிலை), ஆன், ஸ்டார்ட் என்று நான்கு நிலைகள். ஸ்டார்ட்டில் வைத்திருக்கும்போது செல்ஃபுக்கும் கரண்ட் போகும், பிளக்குக்குப் பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலுக்கும் போகும். சாவியை விட்டதும் ஸ்பிரிங் அதை ஆன் நிலைக்குத் தள்ளும். அப்போது செல்ஃபுக்குப் போவது நின்று, காயிலுக்குப் போவது மட்டும் தொடர வேண்டும். அந்த இடத்தில் என்ஜின் அணைகிறது என்றால், ஆன் நிலையில் காயிலுக்குக் கரண்ட் போய்ச் சேரவில்லை. இதற்கும் பேட்டரிக்கும் சம்பந்தம் இல்லை, செல்ஃப் மோட்டாருக்கும் சம்பந்தம் இல்லை. சில பழைய வண்டிகளில் காயிலுக்கு முன்னால் ஒரு ரெசிஸ்டர் இருக்கும். அது அறுந்துபோனாலும் இதே அறிகுறிதான் வரும். ஸ்டார்ட் நிலையில் கரண்ட் அந்த ரெசிஸ்டரைச் சுற்றிக்கொண்டு நேராகக் காயிலுக்குப் போவதால் என்ஜின் பிடிக்கும், விட்டதும் அணையும். ஆனால் அறுந்த ரெசிஸ்டர் ஒவ்வொரு தடவையும் அணைக்கும். எப்போதாவது இரண்டு முறை மட்டும் அணைந்தது என்பது, உள்ளே காண்டாக்ட் சரியாக உட்காராத சுவிட்சின் குணம். ஐட்லிங் குறைவாக இருந்தாலும் சூடான கார்புரேட்டர் வண்டி பிடித்தவுடன் அணையும், ஆனால் அது இருமி, திணறி அணையும். சுவிட்ச் கோளாறில் விளக்கை அணைத்த மாதிரி ஒரே வெட்டாக நிற்கும். உங்களுடையது எப்படி நின்றது என்று நினைவுபடுத்திப் பாருங்கள்.

சரி, அப்படியானால் டக் சத்தம்? இதைப் புரிந்துகொள்ள செல்ஃப் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். செல்ஃப் மோட்டாரைச் சுற்றுகிற பெரிய கரண்ட் சாவி வழியாகப் போவதே இல்லை. சின்ன பெட்ரோல் காரிலேயே அது 100 ஆம்பியர் பக்கம் இழுக்கும். சாவி செய்வது ஆள் அனுப்பிச் சொல்லிவிடுகிற வேலை மட்டும். அங்கிருந்து ஒரு மெல்லிய வயர் மோட்டார் மேல் உட்கார்ந்திருக்கும் சாலினாய்டுக்குப் போகிறது. சாலினாய்டு உள்ளே இரண்டு சுற்று கம்பி. ஒன்று இழுக்கிற காயில், மற்றது பிடித்துவைக்கிற காயில். இரண்டும் சேர்ந்து இரும்புத் தண்டை உள்ளே இழுக்கும். தண்டின் ஒரு முனை பினியன் என்ற சின்னப் பல்சக்கரத்தை என்ஜினின் ஃப்ளைவீல் பல்லில் கோக்கும், மறுமுனை ஒரு செப்புத் தகட்டை இரண்டு பெரிய போல்ட்டுகளின் மேல் அழுத்தும். அந்தத் தகடு உட்காரும் சத்தம்தான் நீங்கள் கேட்கிற டக். பெரிய கரண்ட் அதன் வழியாகத்தான் மோட்டாருக்குப் போகிறது.

இந்த இழுக்கிற காயில் ஒன்றும் சாது இல்லை. முதல் கணத்தில் 20, 30 ஆம்பியர்கூட கேட்கும். அந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் நடுவில் ரிலே (சின்னக் கரண்டை வைத்துப் பெரிய கரண்டைத் திறந்து மூடும் இடைச் சுவிட்ச்) கிடையாது, அவ்வளவும் சாவி சுவிட்சுக்குள் இருக்கும் ஒரு சின்ன காண்டாக்ட் வழியாகவே போகும். ஒரு நாளைக்கு 5 தடவை ஸ்டார்ட் செய்தால் 26 வருடத்தில் 45,000 தடவைக்கு மேல். ஒவ்வொரு தடவையும் ஒரு சின்னப் பொறி, ஒவ்வொரு பொறிக்கும் கொஞ்சம் செம்பு கருகும். இது கம்பெனியின் குறை இல்லை, எந்தக் காண்டாக்ட்டும் இவ்வளவு உழைத்தால் தேயத்தான் செய்யும்.

சூட்டில் மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது என்பதற்கு நிச்சயமான காரணம் ஒன்று உண்டு. செம்புக் கம்பி சூடானால் அதன் தடை ஏறும், ஒரு டிகிரி செல்சியஸுக்குச் சுமார் 0.4 சதவீதம். காலையில் 30 டிகிரியில் இருக்கும் சாலினாய்டு, ஓடி நின்ற என்ஜின் பக்கத்தில் 100 டிகிரி வரை போகிறது என்று வைத்துக்கொண்டால் தடை கால் பங்குக்கு மேல் கூடிவிடும். அதே வோல்ட்டுக்கு உள்ளே போகும் கரண்ட் குறையும், இழுக்கும் பலமும் குறையும். நல்ல நிலையில் இருக்கும் சாலினாய்டு 8 வோல்ட் கிடைத்தாலே இழுத்துவிடும் என்பதால் இந்த இழப்பு தெரியாது. ஆனால் வழியில் ஏற்கெனவே கருகின காண்டாக்ட் 2, 3 வோல்ட் தின்றுகொண்டிருந்தால், காலையில் தப்பித்த வண்டி மதியம் தப்பிக்காது. என்ஜினை நிறுத்திய உடனே இல்லாமல், 5, 10 நிமிடம் கழித்துத்தான் பிரச்சினை அதிகம் என்று நீங்கள் சொல்வதும் பொருந்துகிறது. வண்டி நின்றதும் காற்றும் நிற்கும், தண்ணீர் சுழற்சியும் நிற்கும், என்ஜினில் இருக்கிற சூடு மெல்லப் பக்கத்துப் பாகங்களுக்கு ஏறும்.

ஆனால் இதே கதையைச் செல்ஃப் மோட்டாரும் சொல்லும். அதனால்தான் இரண்டாவது மெக்கானிக்கை நான் இன்னும் தள்ளிவிடவில்லை. மோட்டாரின் இரண்டு முனையிலும் தண்டைத் தாங்கும் புஷ் என்ற வளையம் தேய்ந்தால், உள்ளே சுழலும் ஆர்மேச்சர் லேசாகச் சாய்ந்து ஓரத்தில் உரசும். குளிர்ச்சியில் சுற்றும், சூட்டில் இறுகும். வெளியே கேட்பதும் அதே டக்தான். இரண்டையும் பிரிக்க மீட்டர்கூட வேண்டாம். அடுத்த தடவை மக்கர் பண்ணும்போது ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு, வண்டியைச் சுவர் பார்த்து நிறுத்தி, சாவியைத் திருப்பி வெளிச்சத்தைப் பாருங்கள். ஒன்று கவனியுங்கள், சில வண்டிகளில் ஸ்டார்ட் நிலையில் ஹெட்லைட்டைச் சுவிட்சே துண்டித்துவிடும், அப்படி இருந்தால் உள் விளக்கைப் பாருங்கள். டக் சத்தத்தோடு வெளிச்சம் பாதியாகச் சுருங்கினால் பெரிய கரண்ட் போயிருக்கிறது, மோட்டார் சுற்ற முடியாமல் இறுகி நிற்கிறது அல்லது பேட்டரி தாங்கவில்லை. டக் கேட்டும் வெளிச்சம் அசையவில்லை என்றால் தகடு மூடியும் கரண்ட் மோட்டாருக்குப் போகவில்லை, சாலினாய்டின் செப்புத் தகடு கருகியிருக்கும். டக் என்றே கேட்காமல் வெளிச்சமும் மாறாமல் இருந்தால் பெரும்பாலும் சாவியின் செய்தி சாலினாய்டுக்குப் போய்ச் சேரவில்லை. டகடகடக என்று வேகமாக அடித்தால் பேட்டரி வீக், இல்லை டெர்மினல் லூஸ். தகடு மூடியதும் வோல்ட் சரிகிறது, பிடிக்கிற காயில் விட்டுவிடுகிறது, சுமை போனதும் வோல்ட் ஏறி மறுபடி இழுக்கிறது, அந்த விளையாட்டின் சத்தம் அது. வெளிச்சம் முழுவதுமாக அணைந்தே போனால் வேறு எங்கும் பார்க்காதீர்கள், பேட்டரி டெர்மினலைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

எர்த், அதாவது கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகிற வழி, அது பற்றி ஒரு அனுபவத்தைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மூன்று பேரும் அதைப் பார்த்ததாக நீங்கள் எழுதவில்லை. தொழிலுக்கு வந்த நான்காம் வருடம் ஒரு விவசாயி பழைய ஜீப் கொண்டுவந்தார். செல்ஃப் முனகியது, சுற்றவில்லை. நான் மோட்டாரைக் கழற்றி, சுழலும் பாகத்துக்குக் கரண்ட் கொடுக்கும் கார்பன் பிரஷ்ஷை மாற்றி, புஷ் போட்டு மாட்டினேன். மறுபடியும் அதே முனகல். அவர் இன்னொரு தடவை சாவியைத் திருப்பும்போது என் கை தற்செயலாக ஆக்சிலரேட்டர் கேபிள் மேல் பட்டது. சுட்டுவிட்டது. கேபிளின் பிளாஸ்டிக் உறை ஓரிடத்தில் இளகிப் பளபளவென்று இருந்தது. கீழே குனிந்து பார்த்தால் என்ஜினிலிருந்து சேஸிசுக்குப் போகும் எர்த் பட்டை துரு பிடித்து அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது. மோட்டார் கேட்ட அத்தனை ஆம்பியரும் திரும்பிப் போக வழியில்லாமல், அந்த மெல்லிய கேபிள் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. ஒரு பட்டை, இரண்டு போல்ட். அந்த மனிதரிடம் வாங்கிய கூலியைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றிலிருந்து எர்த்தைப் பார்க்காமல் செல்ஃபைக் கழற்றுவதில்லை. நீங்களும் பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் என்ஜினுக்கும் போகிற கேபிள்களை முதலில் பாருங்கள். பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தால் கழற்றி, எமரித்தாள் போட்டுச் செம்பு நிறம் வரும்வரை தேய்த்து மாட்டுங்கள். போல்ட் உட்காரும் இடத்தில் பெயின்ட் இருந்தால் அதையும் சுரண்டிவிடுங்கள். டிங்கரிங் பெயின்டிங் செய்த பழைய வண்டிகளில் எர்த் போல்ட்டுக்கு அடியிலும் பெயின்ட் அடித்துவிடுவார்கள், பிறகு வருடக்கணக்கில் எலெக்ட்ரிக்கல் தொல்லை வந்துகொண்டே இருக்கும்.

இனி மீட்டரோடு பார்க்கிற வேலை. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ஒரு விஷயத்தை மட்டும் மனதில் வையுங்கள். வயரைக் கழற்றி வைத்து அளந்தால் மீட்டர் 12 வோல்ட் காட்டும், அதை நம்பவே கூடாது. மொட்டை மாடித் தொட்டியிலிருந்து வரும் குழாயில் பாசி அடைத்திருக்கிறது என்று வையுங்கள். குழாயை மூடி வைத்திருக்கும்போது முழு அழுத்தமும் இருக்கும். திறந்தால்தான் நூல் மாதிரி ஒழுகுவது தெரியும். மின்சாரமும் அப்படியே. ஒரே ஒரு இழை மிச்சமிருக்கும் வயரும் சுமை இல்லாதபோது முழு வோல்ட் காட்டும். எல்லா வயரும் மாட்டியபடியே, யாராவது சாவியை ஸ்டார்ட்டில் பிடித்திருக்கும்போதே அளக்க வேண்டும். மீட்டர் இல்லையென்றால் இண்டிகேட்டரில் போடும் 21 வாட் பல்பில் இரண்டு வயர் பற்றவைத்து டெஸ்ட் லேம்ப் செய்துகொள்ளுங்கள், எல்.இ.டி. வேண்டாம். அந்த பல்பு 1.75 ஆம்பியர் இழுக்கும் என்பதால் ஓரளவு சுமை கொடுத்து உண்மையைச் சொல்லும்.

ஆரம்பிக்கும் முன் கியர் நியூட்ரல், ஹேண்ட்பிரேக், டயருக்கு ஒரு கல். மோதிரம், கைச்செயின், இரும்பு வாட்ச் மூன்றையும் கழற்றி வையுங்கள், பேட்டரிக்கும் பாடிக்கும் நடுவில் மோதிரம் மாட்டினால் விரலோடு பழுத்துவிடும். என்ஜின் பிடிக்காமல் செல்ஃப் மட்டும் சுற்ற வேண்டும் என்பதற்காக இக்னிஷன் காயிலுக்கு வருகிற மெல்லிய பாசிட்டிவ் வயரைக் கழற்றி, டேப் சுற்றி ஒதுக்கிவையுங்கள். தடித்த ஹைடென்ஷன் வயரை வெறுமனே பிடுங்கித் தொங்கவிடாதீர்கள். எலெக்ட்ரானிக் இக்னிஷன் உள்ள வண்டியில் அதனாலேயே இக்னைட்டர் போய்விடக்கூடும்.

முதலில் பேட்டரி. இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ், 12.2 என்றால் பாதி, 12க்குக் கீழே என்றால் சார்ஜ் போட்டுவிட்டுத்தான் மற்ற வேலை. செல்ஃப் சுற்றும்போது 9.6க்குக் கீழே போகக்கூடாது. ஓடும்போது 13.8இலிருந்து 14.5 வரை இருந்தால் ஆல்டர்னேட்டர், நம் ஆட்கள் இன்னும் டைனமோ என்று சொல்வது, ஒழுங்காக இருக்கிறது. பேட்டரி புதிது என்பதால் இதைத் தாண்டிவிடாதீர்கள். கடையில் பல மாதம் சார்ஜ் ஏற்றாமல் நின்ற புதுப் பேட்டரியும் வீக்காகத்தான் இருக்கும்.

அப்புறம் வண்டியை நன்றாக ஓட்டிச் சூடாக்கி, மக்கர் பண்ணும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். நல்லபடியாக எடுக்கும்போது அளந்து பயனில்லை. மீட்டரின் சிவப்பு முனை சாலினாய்டில் அந்த மெல்லிய வயர் வந்து மாட்டும் டெர்மினலில், கறுப்பு முனை செல்ஃப் மோட்டார் உடம்பில். வயரின் நிறத்தைப் பார்த்து அடையாளம் காண வேண்டாம், 26 வருடத்தில் எத்தனை பேர் கை வைத்திருப்பார்களோ. பெரிய போல்ட் இரண்டும் தவிர மீதி இருப்பது அதுதான். சாவியை ஸ்டார்ட்டில் பிடிக்கச் சொல்லுங்கள். 10.5, 11 வோல்ட் வந்தும் டக் கேட்கவில்லை என்றால் சாவி தன் வேலையைச் செய்துவிட்டது, கோளாறு செல்ஃபில். அதில் சாலினாய்டும் இருக்கலாம், தேய்ந்த கார்பன் பிரஷ்ஷும் இருக்கலாம். இழுக்கிற காயிலின் எர்த் மோட்டாரின் பிரஷ் வழியாகத்தான் போகிறது என்பதால், பிரஷ் தொடாவிட்டால் சாலினாய்டும் இழுக்காது. இதை அறியாமல் சாலினாய்டை மட்டும் மாற்றி ஏமாந்தவர்கள் நிறைய. மாறாக 8 வோல்ட்டுக்குக் கீழே காட்டினால், அந்த நேரத்தில் பேட்டரியில் 12 பக்கம் இருந்தால், மிச்ச வோல்ட்டை வழியில் யாரோ தின்கிறார்கள். அந்த வழியில் இருப்பது சாவி சுவிட்ச், அதில் வயர்கள் வந்து சொருகும் பிளாஸ்டிக் கப்ளர், வயர், இவ்வளவுதான்.

11 வோல்ட்டும் வந்து டக்கும் கேட்டு, மோட்டார் மட்டும் சுற்றாவிட்டால் தடித்த கேபிள்களுக்குப் போங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் ஈயக்குமிழ் மேலேயே, கிளாம்ப்பின் மேல் இல்லை, ஒரு முனை. பேட்டரி கேபிள் வந்து மாட்டும் சாலினாய்டின் பெரிய போல்ட்டில் மறுமுனை. சாவி திருப்பும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளோ கிளாம்போ சரியில்லை. அதே மாதிரி நெகட்டிவ் குமிழுக்கும் மோட்டார் உடம்புக்கும் நடுவில் 0.3க்கு மேல் போனால் எர்த். சாலினாய்டின் இரண்டு பெரிய போல்ட்டுகளுக்கு நடுவில் வைத்து, டக் என்ற பிறகும் 12 வோல்ட் அப்படியே நின்றால் தகடு கருகிவிட்டது.

இத்தனையும் செய்யப் பொறுமை இல்லையென்றால் ஒரே ஒரு சோதனை பாதிக் குழப்பத்தைத் தீர்க்கும். மக்கர் பண்ணும் நேரத்தில், நியூட்ரலை இரண்டு தடவை உறுதிசெய்துகொண்டு, ஒரு நல்ல தடிமனான வயரால் பேட்டரி பாசிட்டிவிலிருந்து சாலினாய்டின் மெல்லிய டெர்மினலுக்கு நேராகக் கொடுங்கள். செல்ஃப் பட்டென்று சுற்றினால் பேட்டரி, கேபிள், மோட்டார், எர்த் எல்லாம் நல்லது, கோளாறு சாவிக்கும் அந்த டெர்மினலுக்கும் நடுவில். அப்போதும் டக் மட்டும்தான் என்றால் சுவிட்சை மட்டும் மாற்றி ஒரு பயனும் இல்லை. ஸ்குரூடிரைவரால் பெரிய போல்ட் இரண்டையும் சேர்த்துப் பொறி பறக்கவிடும் வித்தையைச் செய்யவே செய்யாதீர்கள். வண்டிக்கு முன்னால் நின்றும் செய்யாதீர்கள், பக்கவாட்டில் நில்லுங்கள். கியரில் கிடக்கும் வண்டி இப்படிச் செய்தால் நிற்பவர் மேல் ஏறும். ஏறியதை நான் பார்த்திருக்கிறேன்.

என் ஊகத்தைக் கேட்டால், சாவியை ஆட்டினால் எடுக்கிறது, விட்டதும் இரண்டு முறை அணைந்தது என்ற இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது மூன்றாவது மெக்கானிக் சொன்னது சரியாக இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் டக் என்று ஓங்கிக் கேட்கும் நேரங்களை அது முழுதாக விளக்கவில்லை. சுவிட்சும் தேய்ந்து, சாலினாய்டின் தகடும் கருகியிருந்தால் இரண்டும் சேர்ந்து இப்படிக் குழப்பும், இந்த வயது வண்டியில் அது அபூர்வமும் இல்லை. அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்.

சுவிட்சைப் பார்க்கும்போது ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் பிளாஸ்டிக் கவரைக் கழற்றி முதலில் கப்ளரைப் பாருங்கள். வெள்ளைப் பிளாஸ்டிக் ஒரு ஓட்டையைச் சுற்றி மட்டும் டீக்கறை மாதிரிப் பழுப்பேறி, விளிம்பு உருகி வளைந்திருந்தால் அந்தப் பின்தான் குற்றவாளி. சுவிட்ச் நன்றாக இருந்து கப்ளர் மட்டும் வெந்துபோன வண்டிகள் பல பார்த்திருக்கிறேன். இல்லையென்றால் சுவிட்சுக்குள் வரும் வயருக்கும் வெளியே போகும் வயருக்கும் நடுவில் மீட்டரை வைத்து, ஸ்டார்ட்டில் பிடித்து அளந்தால் 0.5 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். சாவி போடும் பூட்டு வேறு, அதன் பின்னால் இருக்கும் மின் காண்டாக்ட் வேறு. பல வண்டிகளில் இரண்டு ஸ்குரூவைக் கழற்றினால் பின்பாகம் மட்டும் தனியாக வந்துவிடும். தனியாகக் கிடைக்கிறதா என்று கடையில் முதலில் கேளுங்கள். முழுச் செட் வாங்கினால் கதவுக்கு ஒரு சாவி, வண்டிக்கு ஒரு சாவி என்று ஆகும், பூட்டைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளுக்கும் பெரும்பாலும் தலை இருக்காது, உளி வைத்துத் தட்டித்தான் எடுக்க வேண்டும். விலை குறைவாக இருக்கிறதென்று பெயர் தெரியாத டூப்ளிகேட் சுவிட்சை வாங்காதீர்கள். கழற்றும் முன் பேட்டரியின் நெகட்டிவை முதலில் எடுங்கள், மாட்டும்போது அதைக் கடைசியாக மாட்டுங்கள்.

மாற்றுவதோடு ஒரு ரிலேயும் போட்டுவிடுங்கள், புதுச் சுவிட்சும் அதே வழியில் கருகாமல் இருக்கும். 12 வோல்ட் 30 ஆம்பியர், நான்கு பின் ரிலே எந்த ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடையிலும் கிடைக்கும். சாலினாய்டுக்குப் போய்க்கொண்டிருந்த சாவி வயரை ரிலேயில் 86 என்று எண் போட்ட பின்னில் கொடுங்கள், 85 எர்த். பேட்டரி பாசிட்டிவிலிருந்து 30 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து 30ஆம் பின்னுக்கு ஒரு வயர், 87இலிருந்து சாலினாய்டுக்கு ஒரு வயர், இரண்டும் 4 சதுர மில்லிமீட்டர். இனி சாவி சுமக்கப்போவது கால் ஆம்பியருக்கும் குறைவு. ரிலே மட்டும் போட்டுச் சுவிட்சை அப்படியே விடலாமா என்று கேட்பீர்கள். டக் பிரச்சினை மட்டும் என்றால் விடலாம் என்றுதான் சொல்லியிருப்பேன். ஆன் நிலையும் விட்டு விட்டு வருகிறது என்பதால் உங்களுக்கு அது போதாது.

பின்னால் பொருத்திய மியூசிக் சிஸ்டம், ஃபாக் லைட் எதுவும் இக்னிஷன் வயரில் கிள்ளி எடுத்திருந்தால் அதையும் பிரித்து, தனி ஃப்யூஸ் ரிலேயோடு பேட்டரியிலிருந்து கொடுங்கள். சாவிக்கொத்தையும் குறையுங்கள். வீட்டுச் சாவி, பீரோ சாவி எல்லாம் சேர்ந்து தொங்கினால் ஒவ்வொரு குழியிலும் சுவிட்சைக் கீழே இழுக்கும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் 2014இல் 26 லட்சம் சிறிய கார்களைத் திரும்ப அழைத்தது இந்த விஷயத்தில்தான். சுவிட்சின் பிடிமானம் குறைவாக இருந்ததால் ஓடும்போதே சாவி ஆன் நிலையிலிருந்து ஏ.சி.சி.க்கு நழுவி, என்ஜின் நின்று, ஏர்பேக்கும் விரியாமல் போனது. அந்த நிறுவனம் வைத்த இழப்பீட்டு நிதியே 124 மரணங்களை ஏற்றுக்கொண்டது. உங்கள் வண்டியில் ஏர்பேக் இல்லை, சுவிட்சும் வேறு. ஆனாலும் தேய்ந்த சுவிட்சில் கனமான கொத்து தொங்கக்கூடாது.

ஆடியில் அம்மாவைக் கொல்லிமலை அறப்பளீஸ்வரர் கோயிலுக்கு இதே வண்டியில் அழைத்துப்போகப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். செல்ஃப் எடுக்காதது மட்டும் என்றால் இரண்டாவது கியரில் தள்ளி ஸ்டார்ட் செய்துகொள்ளலாம், கார்புரேட்டர் வண்டிக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆன் நிலை விடுகிற வண்டி அப்படி இல்லை, தள்ளினாலும் பிடிக்காமல் போகலாம், ஓடும்போதே நிற்கலாம். அந்தச் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள், ஆடி கூட்டத்தில் முன்னும் பின்னும் பஸ். இறக்கத்தில் என்ஜின் நின்றால் பிரேக் பூஸ்டர் உள்ள வண்டியில் இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் கல் மாதிரி இறுகும். சுவிட்சை மாற்றி, ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டிப் பார்த்த பிறகே மலை ஏறுங்கள். அதற்குள் எங்காவது ஓட்டத்தில் நின்றால் சாவியைப் பின்னால் திருப்பி எடுத்துவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும். சாவியை ஆனிலேயே வைத்து, பெடலை விட்டு விட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்து, கியரைக் குறைத்து, ஹேண்ட்பிரேக்கையும் மெல்ல இழுத்து ஓரம் கட்டுங்கள். மீட்டரில் எடுத்த அளவுகளையும், சுவர் வெளிச்சம் என்ன ஆனது என்பதையும் இங்கேயே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.